பக்கத்து இடத்துக்கும் காசு

“உங்கட பஸ்ஸில ஏறினாலும் நான் காசு குடுத்துத்தான் வருவன்.”

“குடும்.”

“பகிடிக்குச் சொல்லேல்லை.”

“நானும் பகிடிக்குச் சொல்லேல்லை. மாத்தின காசாய்க் கொண்டு வாரும். காலமையில என்னட்டைச் சில்லறை இராது.”

இது எங்களுக்குக் கல்யாணமாகி நாலாம் நாள் நடந்த கதை. பதினொரு வருடமாகிறது. அவர், சிவகரன், முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் நடத்துநர். நான், கஜேந்தினி, கனகராயன்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். வீடு ஒட்டுசுட்டானில். காலையில் அவருடைய பஸ்ஸில் மாங்குளம் வரை வந்து, அங்கே வவுனியாப் பக்கம் போகும் பஸ்ஸில் மாறி ஏறுவேன். பின்னேரம் அதே வழியால் திரும்புவேன்.

அந்தச் சபதத்துக்குக் காரணம், கல்யாண வீட்டில் பக்கத்து ஊர் வடிவம்மா மாமி சொன்ன ஒரு பகிடி. “படிச்ச பெட்டை கெட்டிக்காரிதான். இனிச் சாகுமட்டும் பஸ் காசு மிச்சம்” என்றார். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். நான் கூறைச் சேலையோடு இருந்தபடியே முடிவெடுத்தேன்: ஒருநாளும் ஓசியில் ஏறமாட்டேன், மற்றப் பயணிகளைப் போலத்தான் நானும். பட்டதாரியின் முடிவு என்பதால் அதை யாரும் பிழை என்று சொல்லவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தது எங்கள் மகள் யதுர்ஷிகா. ஒன்பது வயதில்.

“எங்கட வீட்டுக் காசை நீங்கள் பஸ்ஸில அப்பாவிட்டைக் குடுக்கிறீங்கள். அப்பா அதைக் கொண்டுபோய்க் கனகலிங்கம் மாமாவிட்டைக் குடுக்கிறார். அப்ப கெட்டிக்காரன் ஆரம்மா?”

கனகலிங்கம் அண்ணைதான் பஸ்ஸின் உரிமையாளர். வருமானமும் செலவும் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு வந்த நான், “போய்ப் படி” என்றேன்.

காசு போனதைவிட மோசமானது, அவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதுதான். முதல் வருடம் ஒருநாள் மாங்குளத்தில் நான் ஒரு பஸ்ஸால் இறங்கும்போது அவருடைய பஸ் புறப்பட்டுவிட்டது. கையைக் காட்டினேன். மிதிபலகையில் நின்றவர் என்னைப் பார்த்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

“கண்டனீங்கள்தானே, ஏன் நிக்கேல்லை?” என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“நேரமாப்போச்சு. வேற ஆக்கள் எண்டாலும் நிண்டிருக்க மாட்டன். நீர்தானே பயணி எண்டு சொன்னனீர்.”

ஆனால் அதற்குப் பிறகு, மாங்குளத்தில் பின்னேரம் புறப்படும் நேரத்துக்கு அவருக்குத் தேநீர் குடிக்கும் பழக்கம் ஒன்று வந்தது. நான் ஓடிவந்து ஏறியதும் கோப்பையை வைத்துவிட்டு வருவார். வீட்டில் தேநீரைத் தொடாத மனிதர். எனக்கு விளங்கியது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏறி இருந்து, காசை நீட்டி, “ஒரு ஒட்டுசுட்டான்” என்பேன்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். பஸ்ஸில் எத்தனையோ சோடிகளைப் பார்க்கிறேன். இரண்டு பேர் இருக்கும் இருக்கையில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு, கச்சான் கடலைக் கோதை யன்னலால் எறிந்துகொண்டு, ஒன்றுமில்லாத கதை கதைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அப்படி ஒரு தரம் போகவேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் எனக்கு அவருடைய முதுகுதான் தெரியும். பஸ்ஸில் நான் இருக்க அவர் நிற்பதால், இடுப்புப் பட்டியும் காசுப் பையும்தான் தெரியும். பதினொரு வருடமாக அந்தப் பட்டியின் ஓட்டைகளைப் பார்த்து அவர் மெலிந்ததையும் கொழுத்ததையும் அறிந்துகொண்டேன். “எனக்குப் பக்கத்தில ஒருக்கால் இருங்கோ” என்று கேட்கலாம்தான். ஆனால் எந்தப் பயணி நடத்துநரைப் பார்த்து அப்படிக் கேட்பாள்?

போன சனிக்கிழமை அதற்கு வழி பிறந்தது. பஸ்ஸின் கியர்ப் பெட்டி பழுதாகிக் கராஜில் நின்றது. இரணைமடுச் சந்திக்குக் கிட்ட என் தங்கை சிவரூபியின் புது வீட்டுக்குக் குடிபூரல். மகள் முதல்நாளே என் அம்மாவோடு போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும், இரண்டு பயணிகளாக, இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டும். இப்படி ஒரு நாள் இனி எந்தக் கியர்ப் பெட்டியின் தயவில் வருமோ தெரியாது.

காலையிலேயே நல்ல சேலை உடுத்தேன். ஒட்டுசுட்டானில் சதீஸின் பஸ் வந்தது. சதீஸும் நடத்துநர்தான், இவரை “அண்ணை” என்பவன். நான் முந்தி ஏறி மூன்றாவது இருக்கையில் யன்னலோரம் இருந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தேன். இவர் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினார். ஏறி, மிதிபலகையிலேயே நின்றார்.

“உள்ளுக்குப் போய் இருங்கோவன் அண்ணை. இண்டைக்கு நீங்கள் மாப்பிளையெல்லோ” என்றான் சதீஸ்.

“நீ காசை எடு. நான் வாசலைப் பாக்கிறன்.”

நான் ஐந்நூறு ரூபாயை நீட்டி, “ரெண்டு மாங்குளம்” என்றேன். சதீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நடத்துநர்கள் தங்களுக்குள் காசு வாங்குவதில்லை.

“அக்கா, இதை வாங்கினால் நாளைக்கு அண்ணை என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டார்.”

“வாங்காட்டி இண்டைக்கு நான் சிரிக்க மாட்டன்.”

“அண்ணை, அக்கா காசு தாறா. என்ன செய்யிறது?”

“வாங்கு,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. “எனக்கே விடேல்லை, உனக்கு விடுவாவோ?”

முன்பக்கம் சிரித்தது. இரண்டு ரிக்கெற்றையும் கையில் வைத்துக்கொண்டு, வெற்றி பெற்றவள் மாதிரி நிமிர்ந்து இருந்தேன். பக்கத்தில் கைப்பை இருந்தது.

அடுத்த தரிப்பில் ஆட்கள் கூடினார்கள். இவருக்கு உடம்பெல்லாம் உற்சாகம். “உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் இருக்கு” என்று, கேட்காமலே சதீஸின் வேலையைச் செய்யத் தொடங்கினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய குரல் என் தலைக்கு மேலால் வந்தது.

“மூண்டாவது சீற்றில இடம் இருக்கு, இருங்கோ அம்மா. அக்கா, பையை மடியில வையுங்கோ.”

அந்த அக்கா நான்தான். அவரைவிட ஐந்து வயது இளைய அக்கா. இருக்கையைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. தனக்கென்று பிடித்து வைத்த இடத்தைத் தானே கொடுத்துவிட்டார். நான் பையை மடியில் வைத்தேன். இருபது வருடப் பழக்கம் உள்ள குரல் அது, யாராக இருந்தாலும் பணிவார்கள்.

வந்து இருந்தவர் வடிவம்மா மாமி.

“கஜியே? புருசன் வாசலில நிக்கிறான், நீ தனிய இருக்கிறாய். கையில என்ன ரிக்கெற்? இப்பவும் காசு குடுத்தோ போறனி?”

எனக்கு வந்த கோபத்துக்கு, கேட்டே விட்டேன். “நீங்கள் சொன்னதாலதான் மாமி. எங்கட கலியாணத்தில, இனிச் சாகுமட்டும் பஸ் காசு மிச்சம் எண்டு சொன்னனீங்கள்.”

மாமி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“நானோ? அப்பிடியும் சொன்னனானோ? எனக்கு அண்டைக்குப் பாயாசம் கிடைக்காததுதான் ஞாபகம்.” பிறகு என் முழங்கையில் தட்டினார். “அதுக்காண்டியோ பிள்ளை பதினொரு வருசம் காசு கட்டினனி? என்னைக் கேட்டிருந்தால் அடுத்தநாளே வாபஸ் வாங்கியிருப்பனே.”

மாங்குளம் வரும்வரை மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். சொன்னவருக்கே நினைவில்லாத ஒரு சொல்லுக்காக, பதினொரு வருடம் கனகலிங்கம் அண்ணையை வாழவைத்திருக்கிறேன். அவர் போன வருடம் முற்றத்துக்குக் கல் பதித்தார். அதில் பாதிக் கல் என்னுடையதாக இருக்கும்.

மாங்குளத்தில் கிளிநொச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. இவர் ஓடிப்போய் முகம் துடைக்கும் லேஞ்சியை யன்னலால் போட்டு இரண்டு இடம் பிடித்தார். அந்த விஷயத்தில் அவரை யாரும் வெல்ல முடியாது. என்னை இருத்தினார். பிறகு ஒரு கிழவருடைய மூட்டையைத் தூக்கிக் கொடுக்கப் போனவர், போனவர்தான். இந்தப் பஸ்ஸின் நடத்துநர் அறிமுகமில்லாதவன். “மிதிபலகையில நிக்காதேங்கோ அண்ணை” என்று அவன் சொன்னதும் இவருடைய முகம் வாடிவிட்டது. ஒரு படி உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை இடுப்பில் காசுப் பையைத் தேடிக்கொண்டே இருந்தது.

நான் இரண்டு பேருக்கும் காசு கொடுத்தேன். பக்கத்து இடத்தில் லேஞ்சியும் கைப்பையும் இருந்தன.

“ஆக்கள் இருக்கினமோ?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஓம், அவர் வாறார்.”

பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் கேட்டார். அதே பதில். வராத அவரைத் தேடிப் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. இறங்கிக் கும்பிட்ட இவர், கடதாசிச் சரையில் கச்சான் வாங்கி யன்னலால் என்னிடம் தந்தார். “சூடாய் இருக்கு, சாப்பிடும்” என்றுவிட்டுக் கடைசி ஆளாக ஏறி, அதே கம்பியில் போய் நின்றார். இனிப் பத்து நிமிடத்தில் இரணைமடுச் சந்தி. மடியில் கச்சான் சுட்டது.

“தங்கச்சி, இந்தச் சீற்றுக்கு உண்மையாய் ஆள் இருக்கோ?” என்று வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், ஏற்கெனவே பாதி குனிந்தபடி கேட்டார்.

“இருக்கு,” என்றேன். எழுந்து நின்று கூப்பிட்டேன். “இஞ்சாருங்கோ.”

நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னுடையவர் திரும்பவில்லை. பஸ்ஸில் தன்னை அப்படிக் கூப்பிட ஆள் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

“சிவகரன்.”

வீட்டில்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரும்பினார். யாரோ மிச்சக் காசு கேட்பதுபோல அவருடைய கை இடுப்புக்குப் போனது. வேட்டிக்காரர் நிமிர்ந்தார். அந்த நடத்துநரும் நின்று பார்த்தான். வெட்கத்தில் என் காது சுட்டது. ஆனாலும் சொன்னேன்.

“இந்த இடத்துக்கும் நான் காசு குடுத்திட்டன். பதினொரு வருசமாய்க் கேக்க நினைச்சுக்கொண்டு வாறன். வந்து எனக்குப் பக்கத்தில இருங்கோ.”