பொய் வாரும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி ஆனால் சேதுராமனுக்குப் பதற்றம் பிடித்துக்கொள்ளும். பரீட்சை இல்லை, நேர்காணல் இல்லை. கைபேசியில் ஆடும் போக்கர். அதுவும் செயலி கொடுக்கும் பொம்மைக் காசில். இதற்கா ஒரு வளர்ந்த மனிதன் பதறுவான் என்று கேட்டால், பதறுவான். திருச்சியிலிருந்து கனடாவுக்கு வந்து எட்டு மாதம், றிச்மண்ட் ஹில்லில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்து, அதே பேஸ்மென்டில் வேலையும் பார்த்து, கார் இல்லாமல், மனைவி ஹரிப்ரியாவுக்கு விசா எப்போது வரும் என்று காத்திருப்பவன் பதறத்தான் செய்வான். அவனோடு தமிழில் பேசிக்கொண்டு உட்காரும் ஏழு பேர் இந்தப் பனி தேசத்தில் அந்த மேசையில் மட்டும்தான் இருந்தார்கள்.

மேசையைக் கூட்டி நடத்துபவள் ரெக்ஸ்டேலில் இருக்கும் ரிஃப்னா. எட்டு நாற்காலி, இடம் கேட்டு வெளியே காத்திருப்போர் பன்னிரண்டு பேர். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: தொடர்ந்து மூன்று வாரம் முதல் நாலு இடத்துக்குள் வராதவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். சேதுராமன் இரண்டு வாரமாக எட்டாவது. இன்று மூன்றாவது வாரம்.

அவன் மோசமான ஆட்டக்காரன் அல்ல. கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவனைக் கவிழ்த்தது சீட்டு அல்ல, திரையின் ஓரத்தில் ஓடும் பேச்சுப் பெட்டி. அதில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்து கிளிபோட் என்று ஒருவர். முகம் தெரியாது, படம் இருக்கவேண்டிய இடத்தில் பனி தள்ளும் மெஷின் ஒன்றின் படம். மனிதருக்கு விரல் ஓயாது. எல்லோரையும்போல ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவார். சேதுராமன் சற்றுத் தயங்கினால் "vadiva yosiyum" என்று வரும். வடிவு என்றால் அவன் ஊரில் அழகு. அழகாக யோசிக்கவேண்டுமாம், என்ன நக்கல்! முதல் வாரம் கையில் ஒன்றுமில்லாமல் எல்லாக் காசையும் முன்னே தள்ளி மிரட்டிப் பார்த்தான். கிளிபோட் பிடித்துவிட்டார். காசு மொத்தமும் போன அந்த நிமிடத்தில் பெட்டியில் வந்தது: "poi vaarum sethu."

பொய், வாரும் சேது. அதாவது, பொய்க்காரரே, வாரும்! அவன் ஊரில் நாடக ராஜாதான் 'வாரும்' என்பார். இல்லாவிட்டால் கேலி பண்ணுகிறவன் சொல்வான். கிளிபோட் ராஜா இல்லை. சேதுராமன் பதில் எழுதாமல் செயலியை மூடினான்.

எழுத்துக்குக் குரல் கிடையாது. படிக்கிறவன்தான் குரல் கொடுக்கவேண்டும். சேதுராமன் கொடுத்தது சென்னையில் அவனுடைய பழைய மேலாளரின் குரலை. இருபது பேர் முன்னால் "சேது சார் வந்துட்டாரு, இப்ப கதை விடுவாரு பாருங்க" என்ற குரல். அது காதில் விழுந்துவிட்டால் கணக்காவது ஒன்றாவது. இரண்டாவது வாரம் பயத்தில் ஒரு பொய்கூடக் காட்டவில்லை. நல்ல சீட்டு வந்தால் கட்டினான், வராவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலகினான். இப்படி ஆடுகிறவனைப் பச்சைக் குழந்தைகூடப் படித்துவிடும். அவன் கட்டியதும் எல்லோரும் ஒதுங்கினார்கள். காசு சொட்டுச் சொட்டாகக் கரைந்தது. கடைசிச் சொட்டும் போனபோது, மறுபடியும் "poi vaarum sethu". பட்டப்பெயரே வைத்துவிட்டாரே என்று வெந்துபோனான்.

"அந்த ஆள் எழுதுறதைப் பாக்காதீங்க. பெட்டியை மூடிட்டு ஆடுங்க," என்று இன்று காலை போனில் சொன்னாள் ஹரிப்ரியா. மூடினான். மூடிய பெட்டி இன்னும் பெரிய தொல்லையாக இருந்தது. உள்ளே என்னென்ன ஓடுகிறதோ என்று எல்லா ஏச்சையும் அவனே எழுதி அவனே படித்தான். கிளிபோட்கூட அத்தனை எழுதியிருக்கமாட்டார்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வெளியேறினார்கள். மீதி ஐந்து. இன்னும் ஒருவர் போனால் அவன் இடம் தப்பும். ஆனால் அந்த ஒருவர் அவனேதான் என்று தோன்றியது. சுற்றுக்குச் சுற்று கட்டாயமாக வைக்கும் காசே அவனைத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாவதாகப் போனவள் ரிஃப்னா. நல்ல சீட்டை வைத்துக்கொண்டே தோற்றாள். பாவம், அவளையும் அந்த மனிதர் விட்டிருக்கமாட்டார் என்று, பொறுக்கமுடியாமல் பெட்டியைத் திறந்தான்.

"poi vaarum raji" என்று எழுதியிருந்தார் கிளிபோட். கீழே, முதலில் வெளியேறிய ராஜியின் பதில்: "poi vaaran annai." அடுத்து "poi vaarum murali." முரளியும் "poi vaaran." கடைசியில் "poi vaarum rifna."

ராஜி ஏன் தன்னைத் தானே பொய் என்கிறாள்? சேதுராமன் இரண்டு தரம் கண்ணால் படித்தான். மூன்றாம் தரம் வாய்விட்டுப் படித்தான். போய். போய் வாறன். போய் வாரும்!

போகிறவரை வெறுமனே 'போ' என்று சொல்லக்கூடாது என்று, திரும்பி வரவும் சொல்லி அனுப்புகிற வழக்கம். அவன் வீட்டில் போயிட்டு வாங்க என்பார்கள், இந்த இலங்கைக்காரர்கள் மரியாதையாகப் போய் வாரும் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியென்றால் அந்த 'வடிவா'வும் நக்கல் இல்லை, 'நன்றாக' என்பதுதான். தலையில் அடித்துக்கொண்டு தனியே சிரித்தான். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வாரமும் அந்த மனிதர் அவனைத் திரும்பி வரச் சொல்லி வழியனுப்பியிருக்கிறார்.

அடுத்து வந்தது ஏழும் இரண்டும். அதைவிடக் கேவலமான கை போக்கரில் கிடையாது. கட்டாயக் காசை ஏற்கெனவே வைத்தாயிற்று, யாரும் கூட்டவும் இல்லை, சும்மா தொடர்ந்தான். மேசையில் ஐந்து சீட்டும் விரிந்த பிறகும் அவனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எதிரில் மிஞ்சியது கிளிபோட். சேதுராமன் மிச்சக் காசு முழுவதையும் முன்னே தள்ளினான்.

"ithu poiyo sethu?"

இந்த முறை சந்தேகமே இல்லை, பொய்தான். மேலாளரின் குரல் வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு முழு வரி தட்டினான்: "vadiva yosiyum annai."

கிளிபோட்டின் நேரம் ஓடியது. பத்து விநாடி, ஐந்து, மூன்று. சீட்டைக் கவிழ்த்தார்.

சேதுராமன் ஏழையும் இரண்டையும் திருப்பிக் காட்டினான். பெட்டி சிரிப்பால் நிறைந்தது. பத்து நிமிடத்தில் தில்லையம்பலம் என்ற பெரியவர் வெளியேற, சேதுராமனின் நாற்காலி நிலைத்தது.

ஆட்டம் முடிந்ததும் போன் அடித்தது. கிளிபோட். ரிஃப்னாவிடம் எண் வாங்கியிருந்தார். குரலுக்கு முன்னால் சிரிப்பு வந்தது, மூச்சு வாங்கும் சிரிப்பு.

"நீர் திரும்பவும் பொய் காட்டுவீர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

சேதுராமன் தன் பிழையை ஒளிக்காமல் சொன்னான். மனிதர் இருமும் வரை சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாங்களும் உம்மைப் பிழையாத்தான் வாசிச்சம். நாங்கள் பத்து வரி எழுத நீர் ஒரு ஓகே போடுவீர். பேந்து சொல்லாமல் கொள்ளாமல் மறைஞ்சிடுவீர். எனக்கு அது இமிகிரேசன் ஒபிசர் சொல்லுற மாதிரியே கேக்கும். உமக்கு எங்களைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சம்."

"ஐயோ அண்ணே, வாரம் பூரா இந்த ரெண்டு மணிக்காகத்தான் உக்காந்திருக்கேன்."



"அப்ப அடுத்த கிழமை எழுதுறதை விட்டுட்டு, எல்லாரும் வாயாலயே கதைச்சு விளையாடுவமோ? பிழை வராது."

"வேணாம்ணே, எழுதுங்க. இனிமே நீங்க எழுதினா உங்க குரல்லதான் கேக்கும்."