பத்து சதவீதத்துக்குப் பத்து நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. எங்கள் தீவில், மின்னி பே என்கிற கடலோரப் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வைஜெயந்தி அக்கா போன செவ்வாய்க்கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எழுதுறவர்தானே தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுதுகிறவன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறேன். 'எந்த கேஷ்பேக் கிரெடிட் கார்டு உங்களுக்கு ஏற்றது?' என்கிற வகையறா. கதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

2

முதல் தொடக்கம்: "வங்கக் கடலின் நீல விரிவில், தனிமையின் —"

சீ. அடித்துவிட்டேன். (அக்காவுக்குக் கடலைப் பார்க்க நேரம் ஏது? கடைக்கு முதுகுப் பக்கம்தான் கடல்.)

இரண்டாம் தொடக்கம்: "உதாரணத்துக்கு, மாதம் இருபதாயிரம் ரூபாய் செலவழிக்கும் வைஜெயந்தி என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் —"

இது கட்டுரைக்காரன் புத்தி. அதிலும் அந்த 'அவள்' கையைக் கூசுகிறது. கதைக்குள்ளும் அவர், அவராகவே இருக்கட்டும்.

3

வைஜெயந்திக்கு நாற்பத்தாறு வயது. கணவர் ஸ்ரீதர் வடக்கே ரங்கத் என்ற ஊரில் ரோடு கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அப்பா வெள்ளைச்சாமி மானாமதுரையில் படுத்த படுக்கை. கூட இருந்து பார்ப்பவன் தம்பி முனியாண்டி. மாத ஆரம்பத்தில் அவன் போன் செய்தான்.

"அக்கா, அப்பா உன்னையேதான் கேக்குறாரு. ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு."

கல்லாவில் சென்னை வரைக்கும் விமான டிக்கெட் போடப் பணம் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே கிளம்பியிருக்கலாம்.

ஆனால் அவர் கையில் என் கட்டுரை இருந்தது. தன் கடை மெஷினிலேயே பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். ஆதார் ஜெராக்ஸுக்கு ஆள் காத்து நிற்க, அவர் விரல் வரி வரியாக ஊர்ந்தது. நீலக் கார்டு: எதை வாங்கினாலும் ஒன்றரை சதவீதம். பச்சைக் கார்டு: ஐந்து சதவீதம், ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடையாது, பெட்ரோல், வாடகை, இன்சூரன்ஸ் சேராது. சிவப்புக் கார்டு: விமான டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம், இந்த மாதத்துக்குள் வாங்கினால். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்சத்திரம்.*

"போக வர ரெண்டாயிரம் மிச்சமாவுது. அப்பாவுக்கு ஏர் பெட்டு வாங்கிரலாம். முதுகெல்லாம் புண்ணாயிருச்சாம்" என்றார், ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றவரிடம். அந்த மனிதர் பெங்காலி, ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

கட்டுரையின் கடைசி வரிமேல் மார்க்கர் இரண்டு தடவை ஓடியிருந்தது: 'அவசரப்படாதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.'

_* நட்சத்திரம் என்றால் கீழே பார் என்று அர்த்தம். மேலே கொடுத்ததைக் கீழே பொடி எழுத்தில் திரும்ப வாங்கியிருப்பார்கள்._

4

சிவப்புக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டார். பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் இணையதளம் ஏற்றுக்கொண்டது. 744 என்று பின் கோடு அடிக்க ஆரம்பித்ததும் சிவப்பு எழுத்தில் வந்தது: இந்த முகவரிக்குச் சேவை இல்லை. தீவுக்காரர்களுக்கு இது புதிதில்லை. செருப்பு வாங்கினாலும் இதே பாட்டுதான்.

"வைஜெயந்தி சற்று யோசித்தார். பிறகு தானாகவே மானாமதுரை முகவரியைக் கொடுத்தா—"

[பொய். மூன்று பிரதிகளில் இந்தப் பொய்யைக் காப்பாற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை.]

நான்தான் சொன்னேன். அன்றைக்கு நானும் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அரே, நம்ம பின் கோடே எடுக்க மாட்டேங்குது தம்பி."

"மெயின்லேண்ட் அட்ரஸ் போடுங்கக்கா. கார்டு அங்க போகட்டும். உங்க தம்பி நம்பரைப் போன்ல படிச்சாப் போதும், ஓடிபி உங்களுக்குத்தானே வரும். பத்தே நாள்."

"பத்து நாள் தாங்குமா?"

"தாங்கும்கா. ஆஃபர் மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

அவர் கேட்டது அப்பாவைப் பற்றி. நான் பதில் சொன்னது ஆஃபரைப் பற்றி. அது எனக்கு உறைக்கவே பல நாள் ஆயிற்று. என் வாயில் மண்ணைப் போட.

5

ஒன்பதாவது நாள், காலை பதினொன்றே கால். 'உங்கள் கார்டு டெலிவரி செய்யப்பட்டது' என்று வைஜெயந்தியின் போனில் செய்தி வந்தது. ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார். முனியாண்டி உடனே கூப்பிடுவான் என்று பார்த்தார். அவன் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"சொல்லுடா, எழுதிக்கிறேன்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"நம்பரைச் சொல்லுடா."

"அக்கா... கொரியர்காரன் வாசல்ல நின்னு 'வைஜெயந்தி, வைஜெயந்தி'ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டான். ரெண்டு நாளாக் கண்ணே தொறக்காத மனுசன் தொறந்துட்டாரு. தலையத் திருப்பி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அரை மணி நேரம் இருக்கும். அப்புறம்... அப்பா போயிட்டாருக்கா."

பேனா விரலிலேயே இருந்தது. நின்றுகொண்டிருந்த ஆளின் ஜெராக்ஸ் மட்டும் ஒவ்வொரு தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் டிராவல்ஸ் கடைக்குப் போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்து மறுநாள் டிக்கெட் வாங்கினார். அதற்கு எந்தச் சதவீதமும் கிடையாது.

6

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தவரைப் போன செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன். மேஜைமேல் கார்டு வந்த உறை, பிரிக்காமல் கிடந்தது. பெயர் அச்சடித்திருந்தது.

"அக்கா, நான்தான்..."

"சோடோ தம்பி. விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

திட்டியிருக்கலாம். காகிதக் கட்டைப் பிரித்து மெஷினுக்குள் அடுக்கினார். தலை நிமிராமல் கேட்டார்.

"நான் வந்துட்டேன்னு நெனச்சுப் போயிருப்பாரா? இல்ல, வந்தவ ஏன் உள்ள வரலேன்னு நெனச்சுப் போயிருப்பாரா? நீங்க எழுதுறவர்தானே தம்பி, நீங்களே சொல்லுங்க."

7

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பிடுவதுதான். ஒப்பிட்டேன்.

முடிவு அ: பெயரைக் கேட்டார். மகள் வந்துவிட்டாள் என்று நிறைந்த மனதோடு போனார். நிபந்தனை: அந்த அரை மணி நேரம் கணக்கில் வராது.

முடிவு ஆ: அவர் காதில் எதுவுமே விழவில்லை. கண் திறந்தது வெறும் உடம்பின் வேலை. நிபந்தனை: 'உன்னையேதான் கேக்குறாரு' என்று முனியாண்டி சொன்னதை அக்கா மறந்துவிட வேண்டும்.

முடிவு இ: கேட்டார், காத்திருந்தார், யாரும் உள்ளே வரவில்லை. நிபந்தனை: இதற்கு மட்டும் நட்சத்திரமே இல்லை. கீழே பொடி எழுத்தில் ஒன்றும் இல்லை. எத்தனை தடவை தேடிவிட்டேன் தெரியுமா?

8

என்னிடம் பிரிண்டர் கிடையாது. இந்தக் கதையும் அக்காவின் மெஷினில்தான் வெளியே வர வேண்டும். பிரிண்ட் எடுப்பதையெல்லாம் படிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு, என் கட்டுரையை அப்படித்தான் படித்தார். ஏழு பகுதிகளையும் படித்துவிட்டுக் கடைசித் தாளுக்காகக் கையை நீட்டுவார். அதில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

"வெள்ளைச்சாமி வாசலைப் பார்த்தார். அங்கே —"

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. நீங்கள் யாருடைய மகனோ மகளோ, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடும். அதற்குள் சொன்னால் எழுதிவிடுகிறேன். எதையும் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தயவுசெய்து அவசரப்படுங்கள்.