காளியாயியின் மெத்தை

காளியாயியம்மாளால் மல்லாந்து படுக்க முடியாது. உப்பிலியபுரத்தில் காடு கழனியில் குனிந்தே வேலை பார்த்த முதுகு, நிமிர மறுத்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுக்க இரண்டு தடவை திருச்சிக்கு வந்தார். இரண்டு தடவையும் வலி தாங்காமல் கத்திப் புரண்டதில் படம் கலங்கிப்போனது. படம் தெளிவாக விழுந்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும், தள்ளிப்போட்டால் கால் இரண்டும் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் ஸ்கேன் சென்டரில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சுஜா. ஸ்கேன் மேஜைக்கு மெத்தை, தலையணை வடிவமைப்பது என் தொழில். கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு.

"இந்தப் பழைய தலகாணியெல்லாம் குப்பை, டோமினிக். நான் செஞ்சு தரேன் பாருங்க" என்று டெக்னீஷியனிடம் பீற்றிக்கொண்டேன். காளியாயியம்மாளை ஸ்டூலில் உட்கார வைத்து முதுகின் வளைவை அளந்தேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் ஃபோம் வெட்டி, ஒட்டி, ரெக்ஸின் உறை தைத்தேன். அமுங்கிவிடக் கூடாதென்று கெட்டி ஃபோமாகவே போட்டேன்.

இன்று காலை காளியாயியம்மாள் மருமகள் ஜோதியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எனக்குன்னே செஞ்சியா தாயி?"

"உங்களுக்குன்னேதாம்மா. சோறு தண்ணி இல்லாம ராப்பகலா உக்காந்து செஞ்சேன்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருக்கிறது?

படுக்கவைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தோம். "முடியலன்னா இத அமுக்குங்க. உடனே வெளிய எடுத்துருவோம்" என்றார் டோமினிக்.

"நல்லா இருக்குல்லம்மா?" என்று கேட்டேன். பதிலையும் நானே சேர்த்துக் கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்?

"பஞ்சு மாதிரி இருக்கு தாயி."

மெஷின் தடதடவென்று கத்தத் தொடங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். துளி அசைவு இல்லை. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெளிந்து வந்தது.

"கலக்கிட்டீங்க மேடம்! இனிமே கூன் விழுந்தவங்க எல்லாருக்கும் இதையே போட்டுரலாம்" என்று டோமினிக் கை கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேஜை வெளியே வந்தது. காளியாயியம்மாளின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுவரை ஈரமாக இருந்தது. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. ஜோதி அவரைத் தூக்கி உட்காரவைத்து கவுனின் முடிச்சை அவிழ்த்தாள். கூனுக்குக் கீழே, என் மெத்தையின் விளிம்பு அழுத்திய இடத்தில், தோல் உரிந்து சிவந்து கிடந்தது. படுத்தால் அந்த வளைவு மாறும். நான் உட்காரவைத்து அளந்திருக்கிறேன். அடிப்பாவி, இதுகூடவா உனக்குத் தெரியாது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பந்து அவர் கையில் அப்படியே இருந்தது. தப்பித் தவறிக்கூட அமுங்கிவிடாதபடி நுனிவிரலால் பிடித்திருந்தார்.

"ஐயோ, ஏம்மா பந்த அமுக்கல?" என்று கத்தினேன். அப்போதும் அவரைத்தான் அதட்டினேன்.

"சோறு தண்ணி இல்லாம செஞ்சேன்னு சொன்னியே தாயி. அத எப்புடி நல்லால்லன்னு சொல்றது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டோமினிக்கிடம் திரும்பி, "இத யாருக்கும் போட்டுராதீங்க. அளவு தப்பு. நான் பண்ணின தப்பு" என்றேன். ஜோதி மாமியாரின் முதுகில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் காளியாயியம்மாளின் காலடியில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்கம்மா. ஆபரேஷனுக்கு அப்பறமும் படம் எடுக்கணும். அதுக்குள்ள உங்களப் படுக்கவெச்சே அளந்து, மெத்துன்னு வேற ஒண்ணு செஞ்சு தரேன்."

அவர் முகத்தில் ஒரு பயம் வந்து போனது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்கு தாயி வீண் சிரமம்? எனக்கு அந்தப் பழைய தலகாணியே போதும்."