கல்யாணம்னா கேட் திறக்கும்

கொல்லம்னு எழுதுனது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க. செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்குனா வார ஊரு. சுரண்டைல இருந்து தக்காளியும் வெண்டைக்காயும் லாரில ஏத்திக்கிட்டு எங்க வீட்டுக்காரவிய வாரத்துல பாதி நாள் அங்கதான் கிடப்பாவ. அந்தப் பேரைப் போட்டா, மிரட்டுத வார்த்தை இருக்குன்னு சிவப்புல காட்டுது போன்ல இருக்குத பாழாப்போன பள்ளிக்கூடத்து ஆப்பு. நான் யாரை மிரட்டுனேன்?

அன்னைக்குக் காலைல ஆரியங்காவு இறக்கத்துல லாரி கவுந்துட்டு. கூடப் போன கிளீனர்தான் போன் பண்ணுனாரு. "அண்ணனைக் கொல்லத்துல ஆஸ்பத்திரில சேத்திருக்கு மதினி. புள்ளையையும் கூட்டிட்டு வெரசா வரச் சொல்லுதாரு டாக்டர்." புள்ளையையும்னு சொன்னதுலயே எனக்கு விளங்கிட்டு. கொழுந்தன் சுடலைமணி ஒரு காரைப் பிடிச்சிட்டு வந்தாரு. மாத்துச் சேலை கூட எடுக்காம ஏறிட்டேன்.

எங்க மக இசக்கிப்பிரியா எட்டாப்பு படிக்கா. தென்காசில, குற்றாலம் ரோட்டுல ஒரு ஆஸ்டல் பள்ளிக்கூடம். சாரல்ல நனைஞ்சுக்கிட்டே ஓடிப் போயி கேட்டைத் தட்டுனேன். வார்டன் வடிவம்மாள் உள்ள நின்னுக்கிட்டு, "ஆப்புல லீவு கேளுங்க. பச்சை வந்தாத்தான் புள்ளையை வெளிய விடுவேன்"ன்னு சொல்லுதாவ.

"யம்மா, அவ அப்பா சாகக் கிடக்காவ!"

"எனக்குப் புரியாம இல்லக்கா. போன வருசம் பொண்டாட்டியோட கோவிச்சிக்கிட்ட ஒரு மனுசன், சாவுன்னு பொய் சொல்லிப் புள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. முன்ன இருந்த வார்டனுக்கு வேலை போச்சு. எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு." ஹெட்மாஸ்டர் திருநெல்வேலில மீட்டிங்குல இருக்காராம். போன் அடிச்சுக்கிட்டே கிடக்கு, எடுக்குதவியதான் இல்ல.

சரின்னு கேட்டுக்கு வெளிய நின்னே எழுதுனேன். 'பிரியா அப்பா சாகக் கிடக்காரு. கொல்லம் போகணும். அனுப்புங்க.' சாகவும் சிவப்பு, கொல்லமும் சிவப்பு. மாணவர்களைப் புண்படுத்தும் சொற்கள் இருக்காம். பொம்பளப் புள்ளைகளுக்குள்ள 'செத்துப் போ, கொன்னுருவேன்'னு மெசேஜ் போட்டு வைதுக்கிட்டாளுவளாம், அதுக்குன்னு வச்ச காவலாம் இது. வையுதவளையும் தெரியல, அழுதவளையும் தெரியல அதுக்கு.

ஊர்ப் பேரை எடுத்துட்டு மறுபடி எழுதுனேன். 'லாரி கவுந்து அடிபட்டு ரத்தம் நெறைய போயிட்டு.' அடியும் ரத்தமும் சிவப்பு. இன்னொரு தடவை இப்படி எழுதுனா நாளைக்கு வரைக்கும் கணக்கை முடக்கிருவோம்னு கீழ ஒரு எச்சரிக்கை வேற.

வடிவம்மாளே பாவப்பட்டு, "உடம்பு சரியில்லைங்குத இடத்தைத் தொடுங்கக்கா"ன்னாவ. தொட்டேன். டாக்டர் சர்டிபிகேட்டைப் போட்டோ பிடிச்சுப் போடணுமாம். மலைக்கு அந்தப் பக்கம் கிடக்குத மனுசனுக்கு நான் எங்க போயி சர்டிபிகேட் வாங்க? கம்பியைப் பிடிச்சுக்கிட்டு "பிரியா, ஏட்டி பிரியா"ன்னு கத்துனேன். மாடில எந்த வகுப்புல இருக்காளோ, மழைச் சத்தத்துல எவளுக்குக் கேக்கும்? வெளிய நிக்குத எனக்குத்தான் ஜெயில்ல கிடக்குத மாதிரி இருந்துச்சு.

திரும்பவும் கிளீனர் போன். "அண்ணன் கண்ணு முழிச்சாவ மதினி. பிரியா எங்கன்னு கேக்குதாவ."

அந்த நேரம் பாத்து ஒரு குடும்பம் கார்ல வந்து இறங்குது. அந்தப் பொம்பள போனை ஒரு தட்டுத் தட்டுனா, கேட் திறந்துட்டு. புள்ளையைக் கூட்டிக்கிட்டு சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறாவ. "அவியளுக்கு மட்டும் எப்படி?"ன்னு சண்டைக்குப் போயிட்டேன். "ஆவணி மாசம்லாக்கா. கல்யாண வீடுன்னா உடனே பச்சை வந்துரும்"ன்னாவ வடிவம்மாள்.

நான் யோசிக்கவே இல்ல. தொட்டேன். யாருக்குக் கல்யாணம்? சித்திக்கு. எந்த ஊரு? செங்கோட்டை. பொசுக்குன்னு பச்சை வந்துட்டு. வாழ்த்துகள்னு பூங்கொத்துப் படம் வேற. பத்திரிகை கூடக் கேக்கல, பாத்துக்கிடுங்க. உள்ளதைச் சொன்னவளை நாயா அலைய விட்டுட்டு, பொய்யைச் சொன்ன உடனே கதவைத் திறக்குது.

வடிவம்மாள் என் முகத்தைப் பாக்கல. மைக்கை எடுத்து, "எட்டாம் வகுப்பு இசக்கிப்பிரியா, சித்தி கல்யாணத்துக்குப் போக அம்மா வந்திருக்காங்க"ன்னு சொன்னாவ. காரணத்தையும் சேத்துச் சொல்லித்தான் கூப்பிடணுமாம், அதுதான் அங்க வழக்கம்.

ஒரு பையை எடுத்துட்டு வாரதுக்கு எம்புட்டு நேரம்? என்னத்த உருட்டிக்கிட்டு இருக்காளோன்னு புள்ளை மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு. கார்ல சுடலைமணிக்குப் போன் வந்துச்சு. பேசுனாரு. பேசிட்டு இறங்கி, மழையில நனைஞ்சுக்கிட்டே என்னையப் பாத்தாரு. இல்லன்னு தலையை ஆட்டுனாரு.

எனக்குக் கத்தணும். அதுக்குள்ள படியில அவ வாரா.

பட்டுப்பாவாடை. கூட இருக்குத புள்ளைக எல்லாம் சேந்து ஜோடிச்சு விட்டிருக்காளுவ. ஒருத்தி வளையல், ஒருத்தி பாசிமாலை, தலை நிறைய மல்லியப்பூ. பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து என்னையக் கட்டிக்கிட்டா.

"யம்மா, எந்தச் சித்திக்கு? எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல? அப்பா லோடு இறக்கிட்டு நேரா அங்கன வந்துருவாவளா?"

நான் அவ தோள்ல கிடந்த பையை வாங்கிக்கிட்டேன். அவ என்னைய ஏற இறங்கப் பாத்தா.

"என்னம்மா நீ, கல்யாண வீட்டுக்குத் தலையில பூ இல்லாமலா போவாவ?"

தன் தலையில இருந்த சரத்தை இழுத்துப் பாதியா அறுத்தா. வாயில கொண்டை ஊசியைக் கடிச்சுக்கிட்டு என் தோளைப் பிடிச்சா. வேண்டாம்னு சொல்லணும், சொன்னா ஏன்னு கேப்பா. நான் தலையைக் குனிஞ்சு குடுத்தேன். அவ பூ வச்சு விட்டா.