குடைக்கு மலாயில் சொன்னேன்

ஜப்பானிய மொழியை நான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் சிப் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆளை ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தால் சூப்பர்வைசர். ஏழு வருடமாக டெக்னீஷியனாகவே இருந்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த இடம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"மாண்டரின் படிச்சா இங்கேயே உதவும், பிள்ளை," என்றார் அம்மா புஷ்பராணி. பினாங்கில் டத்தோ கிராமாட் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சீனக் காய்கறிக்காரரிடம் அவர் மொழியான ஹொக்கியனில் பேரம் பேசுவார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கேட்கவில்லை.

பேசிப் பழகத் துணை ஃபாத்தின். என் பிரிவுதான், என் தொழிற்சாலை பஸ்தான், நான் மனுப் போட்ட இடத்துக்கேதான் அவளும் போட்டிருந்தாள். போட்டிக்கு நிற்பவளோடு சேர்ந்து படிப்பது மடத்தனம் என்று தெரியும். ஆனால் சுவரோடா பேசிப் பழக முடியும்? பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஜப்பானிய மொழி மட்டும் என்று சட்டம் போட்டோம். முதல் மாதம் பெரும்பாலும் வாயைத் திறக்காமலேயே போனோம். "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார் டிரைவர் அப்துல் அஜீஸ் அண்ணன்.

சட்டத்தை உடைத்தது எப்போதும் நான்தான். பினாங்குப் பழக்கம். எதிரில் நிற்பவர் வார்த்தை கிடைக்காமல் திணறினால் அவருடைய மொழிக்கே தாவிவிடுவோம். அவர் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. ஃபாத்தின் வீட்டில் மலாய் பேசுகிறவள். அவள் திக்கினால் என் வாயில் மலாய் தானாக வந்துவிடும். "கூடாது லா, கீர்த்திகா," என்று தொடையில் தட்டுவாள்.

பத்து மாதம் கழித்துத் தேர்வு. கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். ஒருவரோடொருவர் பேசிக்காட்ட வேண்டும். வேறு மொழி கலந்தால் மதிப்பெண் போய்விடும். மழையில் மாட்டிக்கொண்ட ஃபாத்தின் என்னிடம் குடை இரவல் கேட்பதுபோலப் பேசும்படி ஆங்கிலத்தில் சொன்னார் ஜப்பானிலிருந்து வந்த அதிகாரி. அவளுக்குக் குடை என்ற சொல் வரவில்லை. முகம் சிவந்து விரல்களைப் பிசைந்தாள்.

"பாயுங்," என்றேன் நான். மலாயில் குடை.

ஜப்பானியத்தில் 'கசா' என்று எடுத்துக் கொடுத்திருந்தாலாவது தப்பித்திருப்பேன். அவளுக்குத் தெரிந்த மலாய்ச் சொல்லை அவளுக்கே சொன்ன என் அறிவை என்னவென்பது! ஃபாத்தின் என் பக்கம் திரும்பவே இல்லை. "மழை வந்தால் தலைக்கு மேல் பிடிப்போமே, அது," என்று ஜப்பானியத்திலேயே சமாளித்தாள். அதிகாரி சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார்.

ஜப்பானுக்கு அவள்தான் போனாள். வழியனுப்ப நான் போகவில்லை. அவள்மேல் கோபம் இல்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய். ஜப்பானியப் பாடப் புத்தகத்தை அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது வாரம் மலாயில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "மருந்துக் கடையில நிக்கிறேன் லா. இருமலுக்கு ஜப்பானியத்துல என்ன வார்த்தைன்னு மறந்துபோச்சு. கடைக்கார அம்மா கையைக் கட்டிக்கிட்டுப் பொறுமையா காத்திருக்காங்க. இங்க யாருமே எடுத்துக் கொடுக்கறதில்ல. போன்ல தேடலாம். உன்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு."

அவள் நிற்கும் இடத்தில் நான் நிற்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதும் நினைவுக்கு வந்தது. அழுகை வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்காகப் புத்தகத்தை இறக்க வேண்டியிருக்கவில்லை.

"செக்கி," என்று அனுப்பினேன். இந்த முறை ஜப்பானியத்தில்தான்.