சுலைமான் பாயின் ஆர்.பி.எம். மீட்டர்

பாகான் டாலாமில் கோகுலனின் பட்டறை. கம்ப்ரசர் காட்டுக்கத்தலாக ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டரு, ஒயரு, கூலி எல்லாம் சேத்து நூத்தியெண்பது வெள்ளி, பாய்" என்றான் கோகுலன்.

சுலைமான் தன் பிக்கப்பின் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்.

"சரி, நூத்தியறுபது."

சுலைமான் தாடியைத் தடவினார்.

"அடப் போங்க பாய், உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? நூத்திமுப்பது. அதுக்கும் கீழ போனா பட்டறைய மூடிட்டு ரொட்டி சானாய்தான் போடணும் லா."

நூத்திமுப்பது என்னும்போதுதான் சுலைமான் நிமிர்ந்தார். அவன் உதட்டில் கடைசி விலையைப் படித்துத் தலையாட்டினார். ஐம்பது வெள்ளி குறைந்திருந்தது, குறைத்தவர் அவரல்ல. முந்தைய இரண்டு விலையும் அவர் காதில் விழவேயில்லை.

கடல் பாலம் தாண்டித் தீவில், ஜார்ஜ் டவுனில் அவருக்கு வெங்காய மொத்தக் கடை. அந்தத் தெருவில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு: பிடிக்காத விலை காதில் விழக் கூடாது. ஒரு தடவை விழவில்லையென்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். இரண்டாவது தடவையும் விழவில்லையென்றால் நடையைக் கட்டு என்று அர்த்தம். மூன்றாவது தடவை வாய் திறப்பவன் தன் மானத்தைத் தானே தராசில் தூக்கி வைக்கிறான். முப்பது வருஷம் செவிடாக நடித்தவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே காது மங்கத் தொடங்கியது. முதலில் இடது, பின்னாலேயே வலது. தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பாய் இன்னும் கெட்டிதான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஏமாறாதது பிக்கப் ஒன்றுதான். இருபத்தாறு வயது டீசல் வண்டி. கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். இஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட அதில் முள் கிடையாது. அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. இஞ்சின் முனகினால் ஒரு கியர் கீழே, அலறினால் ஒரு கியர் மேலே. கை தானாகப் போகும். போன வாரம் அந்தப் பாலம் முழுவதும் மூன்றாவது கியரிலேயே ஓட்டினார். பக்கத்தில் வந்த லாரிக்காரன் புகையைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

"டீசலுக்கு ஸ்பார்க் இல்ல பாய், ஆல்டர்னேட்டர்லேர்ந்துதான் ஒயர் இழுக்கணும்" என்று முகத்துக்கு நேராகக் கத்தினான் கோகுலன். "ஆமா, உங்களுக்கு எதுக்கு லா இது? ரேஸுக்குப் போறீங்களா?"

"ஆமா. வெங்காய மூட்டையோட."

அவன் சிரித்துக்கொண்டே வண்டிக்குள் குனிந்தான். "நூத்தியெண்பதுன்னா ஈயம் வெச்சுப் பத்த வெப்பேன். நூத்திமுப்பதுக்கு ஒயர முறுக்கி டேப்புதான், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க." முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். சுலைமான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், இதே பிக்கப்பில், அவருடைய இடது கைப் பக்கம் ஹபீபா பீவி உட்கார்ந்திருந்தாள். "லாத்தாவுக்கு ரொம்ப முடியலயாமுங்க. சுங்கை பாக்காப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாமா?" பாசார் சந்தையைத் தாண்டும்போது ஒரு தடவை கேட்டாள். வீட்டு முனை திரும்பும்போது இன்னொரு தடவை. சுலைமான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவளும் வெங்காய வியாபாரியின் மகள்தான். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பத்தாவது நாள் அவளுடைய அக்கா, ரோஹானா லாத்தா, மௌத்தாகிவிட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹபீபா அவர் எதிரில் வந்து நின்றாள். "ரெண்டு தடவ கேட்டேன். கடைக்கு வந்தவள நிக்க வெக்கிற மாதிரி வெச்சிட்டீங்களே."

அது கேட்டது. எனக்குக் காது போச்சு புள்ள என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் ஆளாளுக்கு வாய்க்குள் விலை பேசிவிட்டு, சொன்னேனே பாய் என்று மூட்டையைத் தூக்குவான்கள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, லாப நட்டம் பார்த்தார். மனைவிக்குக் கல்நெஞ்சனாக இருப்பது, ஊருக்குச் செவிடனாக இருப்பதை விட மலிவாகத் தெரிந்தது. அதையே வாங்கிக்கொண்டார். அத்தனை மட்டமான சரக்கை அவர் அதுவரை வாங்கியதில்லை.

இன்று சுங்கை பாக்காப்பில் லாத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதல். ஹபீபா பிக்கப்பில் ஏறி, டேஷ்போர்டில் புதிதாக உட்கார்ந்திருந்த வட்டத்தை விரலால் காட்டினாள்.

"ஆர்.பி.எம். மீட்டர்" என்றார் சுலைமான். "டீசல் மிச்சமாகும்."

முள் இருபத்தைந்தைத் தொட்டதும் கியரை மாற்றினார். மறுபடியும் இருபத்தைந்து, மறுபடியும் மாற்றம். முதல் நாள் வண்டி பழகுகிறவனைப் போல் அந்த வட்டத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். தீவையும் கரையையும் இணைக்கும் இரண்டாவது பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் கடல். அவள் கடலைப் பார்க்கவில்லை.

பாலம் இறங்கி, பத்து காவான் சிக்னலுக்கு முன்னால் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியது. முள் ஒரு துள்ளு துள்ளிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

பச்சை விழுந்தது. முதல் கியர், இரண்டாவது கியர். சுலைமான் பெடலை மிதித்தபடி முள் எழும்பக் காத்திருந்தார். ஸ்டியரிங் நடுங்கியது. பக்கத்தில் போன மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். ஹபீபா இரண்டு காதையும் முக்காட்டோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். பிறகு முள்ளைப் பார்த்தாள். பிறகு, எதுவும் நடக்காதது போல் இருந்த அவர் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கைகளை இறக்கினாள்.

"ஹபீபா" என்றார் சுலைமான். "எனக்குக் கேக்கல."

கடையில் அவர் பொய்யாக ஆயிரம் தடவை சொல்லி அவள் கேட்ட வார்த்தை.

அவளுடைய உதடு அசைந்தது. ஆனால் அதற்குள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. லாத்தாவுக்கு ஓதுகிறாளா, அவரிடம் ஏதாவது கேட்கிறாளா, தெரியவில்லை. திரும்பாமலேயே அவள் கை மட்டும் வந்து, கியரைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டியது. மூன்றாவது கியரைப் போட்டார். ஸ்டியரிங் அடங்கியது.

சாலை நீளமாகக் கிடந்தது. முள் பூஜ்யத்திலேயே இருந்தது. சிறிது தூரம் போனதும் நான்காவது கியருக்கும் விரல் வந்தது. முகம் வரவில்லை.