நஞ்சுக்கொடி ஒன்று போதும்

நஞ்சுக்கொடியைத் தின்றால் தாய் எலிக்கு வலி குறைகிறது என்று நிரூபிக்க மூன்று வருடம் போராடியவள் நான். "என் தங்கச்சி என்ன படிக்கிறான்னு வெளிய சொல்லவே வாய் கூசுதுடி," என்பாள் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் எலி அறைக்குப் பூட்டு என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

சோதனை எளிதுதான். எல்லா எலிகளுக்கும் துளி வலி மருந்து, அது மட்டும் போதாத அளவு; அதன் வேகத்தை நஞ்சுக்கொடி கூட்டிக் காட்ட வேண்டும். பிறகு பாதிக்கு நஞ்சுக்கொடி, மீதிக்கு வெறும் இறைச்சி. வாலில் விளக்கின் சூடு பட வைப்போம், சுட்டால் இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டாலும் எட்டாவது நொடியில் விளக்கு தானே அணைந்துவிடும். என் கெட்ட நேரம், எல்லாமே நான்கு நொடியில் இழுத்தன.

"எலிக்கு விருந்து வச்சுட்டு, வலி போகலைன்னு அழுறீங்க," என்றார் தலைவர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

புதன்கிழமை காலை ஒரு எலி குட்டி போடத் தொடங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிரசவத்தை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். எனக்கு நஞ்சுக்கொடி என்றால் உறைபெட்டியிலிருந்து வரும் டப்பா. ஒரு குட்டி வந்தது. தாய் அதன் நஞ்சுக்கொடியைத் தின்றது, குட்டியை நக்கியது, காத்திருந்தது. அடுத்த குட்டி, அடுத்த கொடி. ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. நானோ நான்கை அரைத்து மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அளவு மிஞ்சினால் பலனே போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தலைவர் சட்டைப்பையில் பூட்டோடு வந்தார். என் கையை நம்பாமல் நொடி எண்ணும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார். இறைச்சி தின்ற எலி நான்கு நொடியில் வாலை இழுத்தது. அடுத்தது, ஒரே ஒரு கொடி தின்றது. ஐந்து, ஆறு, ஏழு. வால் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

"லைட் கெட்டுப்போச்சு," என்றார்.

"நீங்களே பாருங்க சார்."

விளக்கை மறுபடி போட்டு விரலை நீட்டினார். மூன்றாவது நொடியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரலை ஊதியபடியே எலியைப் பார்த்தார். அது மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அடுத்த எலியக் கொண்டாங்க," என்றார்.

கொடி தின்ற பத்தில் ஒன்பது அசையவில்லை. பூட்டை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இனிமே ஊரெல்லாம் சொல்லுக்கா."